காந்தட் கிழங்கும் கீல்வாதமும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் எவரும் காந்தள் மலரைப் பற்றிக் கேளாதிருத்தல் இயலாது. குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பறித்துக் குவித்த மலர்களை வரிசைப்படுத்தப் புகுந்த கபிலர் முதற்கண் வைத்தது செங்காந்தளையே. மகளிர் விரலுக்கு உவமையாகவும், முருகவேளுக்கு உரிய கண்ணியாகவும் சங்கப் புலவர் அதனைப் பலகாலும் பாடினர். கார்த்திகைத் திங்களையொட்டிப் பூப்பதனால் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கு கலப்பையைப் போல் வளைந்திருப்பதனால் கலப்பைக்கிழங்கு என்றும், உழவர் வழக்கில் கண்வலிக்கிழங்கு என்றும் அதற்குப் பெயர்கள் பல. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே.

இம்மலரைப் பாடமாகச் சொல்லும்போது பெரும்பாலும் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் இருக்கின்றது. அது கொடிய நஞ்சு. அதே பொருள்தான் மூட்டு வீங்கித் துடிக்கும் ஒரு நோய்க்கு இன்றும் உலகெங்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையாகவும் இருக்கின்றது. ஒரே பொருள் ஒரு கையில் நஞ்சாகவும் மறு கையில் மருந்தாகவும் ஆவது எவ்வாறு? நஞ்சுச் செடி ஒன்று மருந்துக் கடைக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது? இவற்றை அறிவது, செடி கொடிகளிலிருந்து மருந்து பிறக்கும் முறையையே அறிவதாகும்.

கீல்வாதம் யாது?

மூட்டுவலி எல்லாம் ஒரே நோயன்று. முதுமையில் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒருவகை. உடலைக் காக்க வேண்டிய காப்பாற்றல் மாறாட்டம் கொண்டு, மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வரும் முடக்குவாதம் மற்றொரு வகை. ஆங்கில மருத்துவர் 'கௌட்' என்று கூறுவது மூன்றாவது வகை. இக்கட்டுரையில் கீல்வாதம் எனப்படுவது இந்த மூன்றாவது வகையே.

இறைச்சி, ஈரல், சிலவகை மீன், பீர் முதலியவற்றில் பியூரின் என்னும் பொருள் மிகுதி. உடலின் உயிரணுக்களிலும் அஃது உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகின்றது. விலங்குகள் பலவற்றிற்கு அவ்வமிலத்தை மேலும் உடைத்துக் கரைக்கும் நொதி இருக்கின்றது. மனிதனுக்கு அது இல்லை. எனவே, அதனை வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்தின் தலைமேல் விழுகின்றது. வெளியேறுவது குறைந்தாலோ, உண்டாவது மிகுந்தாலோ, இரத்தத்தில் அமிலம் தேங்குகின்றது. அளவு மிஞ்சிய உப்பு நீரில் கரையாது அடியில் தங்குவது போல, அவ்வமிலமும் சோடியம் யூரேட்டு என்னும் ஊசிப் படிகங்களாகி மூட்டுகளில் தங்குகின்றது. உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சியான காலின் பெருவிரல் மூட்டே அதற்கு ஏற்ற இடம். நள்ளிரவில் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி எழுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கியதன்று. கீல்வாதக்காரரின் தோலடியில் தோன்றும் கட்டியை ஆலந்து நாட்டு லேவன்ஹுக் 1679ஆம் ஆண்டில் தம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ஊசி வடிவத் துகள்களைக் கண்டார். இலண்டன் மருத்துவர் ஆல்பிரடு பேரிங் கேரடு 1848இல் கீல்வாதக்காரரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்னும் இருவர் 1961இல் வீங்கிய மூட்டின் நீரை எடுத்து, முனைவாக்கிய ஒளியில் நோக்கி, அதில் யூரேட்டுப் படிகங்கள் இருப்பதை உறுதிப்படுத்தினர். நோயின் காரணம் திட்டமாகத் துலங்கியது அப்போதுதான். ஆனால், அந்நோய்க்குரிய மருந்தோ அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வழக்கில் இருந்தது!

கருங்கடற் கரையிலிருந்து

அம்மருந்து முதலில் காந்தளிலிருந்து வந்ததன்று. காந்தளின் உறவினச் செடியாகிய கோல்ச்சிக்கத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில், இலை இல்லாமலே தரையிலிருந்து ஊதாநிறப் பூவை மட்டும் நீட்டும் சிறு செடி அது. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில் இருந்த கோல்ச்சிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரே செடிக்கு ஆயிற்று. கிரேக்கக் கதைகளில் நஞ்சு கலப்பதில் வல்லவளாகிய மெதேயா பிறந்த நாடு அதுவே. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது என்று கூறலாம். முதல் நூற்றாண்டில் செடிநூல் எழுதிய தியோசுக்கோரிதீசும் இச்செடியை உண்பார் உயிர் இழப்பர் என்றே எழுதி வைத்தார்.

நஞ்சென்று அஞ்சப்பட்ட இக்குடும்பத்துக் கிழங்கைக் கீல்வாதத்திற்கு மருந்தாக எழுதியவர் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த திரால்லெசு நகர் அலெக்சாண்டர் என்னும் மருத்துவர். அவர் அதனை எர்மோடாக்டில் என்று அழைத்தார். 'எர்மசின் விரல்' என்பது அதன் பொருள். தமிழ்ப் புலவர் காந்தளை விரலாகக் கண்டது போலவே கிரேக்கரும் அதன் உறவினத்தை விரலாகக் கண்டனர். அரபு மருத்துவர் அதனைச் சூரிஞ்சான் என்று வழங்கினர். யுனானி மருத்துவத்தின் வழியே அப்பெயர் இந்தியாவிற்கும் வந்தது. இமயமலைச் சாரலில் விளையும் மஞ்சட்பூக் கோல்ச்சிக்கம் யுனானி கடைகளில் அப்பெயரால் விற்கப்படுகின்றது.

ஐரோப்பாவிலோ, இதன் நச்சுத்தன்மைக்கு அஞ்சி மருத்துவர் பல நூற்றாண்டுகள் இதனைக் கைவிட்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி உசோன் என்பவர் 'மருந்துநீர்' என்ற பெயரில் ஒன்றை விற்கத் தொடங்கினார். கீல்வாதம் அதனால் விரைவில் தணிந்தது. ஆனால், அதில் என்ன இருந்தது என்பதை அவர் வெளியிடவில்லை. உள்ளடக்கம் தெரியாமலே செல்வர் பலர் அதனை வாங்கிப் பருகினர். ஜான் வான்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அந்த மறைபொருள் கோல்ச்சிக்கமே என்பதைக் கண்டு வெளிப்படுத்தினார்.

நஞ்சைப் பிரித்தல்

கிழங்கை இடித்துக் கொடுப்பதில் ஒரு பெருந்தொல்லை உண்டு. ஒரு கிழங்கில் இருக்கும் நஞ்சின் அளவு மற்றொரு கிழங்கில் இராது. மண், மழை, பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகிய எல்லாம் அதனை மாற்றும். சுண்டைக்காய் அளவு என்றும், கழற்சிக்காய் அளவு என்றும் கூறினால், பொடியின் அளவுதான் நிலைக்குமே தவிர நஞ்சின் அளவு நிலைக்காது. நோயைத் தணிக்கும் அளவிற்கும் உயிரைப் பறிக்கும் அளவிற்கும் இடைவெளி குறுகிய மருந்தில் இந்த வேறுபாடு கொல்லும் வேறுபாடாகும்.

இத்தொல்லைக்கு வழி காட்டியது வேதியியல். பிரான்சின் பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் 1820இல் கோல்ச்சிக்கத்திலிருந்து அதன் காரப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மலேரியாக் காய்ச்சலின் மருந்தாகிய குயினைனைச் சின்கோனாப் பட்டையிலிருந்து அதே ஆண்டில் பிரித்தவர்களும் அவர்களே. 1833இல் செருமானிய வேதியியலார் கைகர் அதனை ஆராய்ந்து கோல்ச்சிசின் என்று பெயரிட்டார். காந்தளிலும் இதே பொருள் இருப்பதை 1915இல் கிளூவர், கிரீன், தூத்தின் என்னும் வேதியியலார் மூவர் வெளியிட்டனர். கருங்கடற்கரைச் செடியும் குறிஞ்சி நிலத்துக் கொடியும் ஒரே நஞ்சைச் சமைப்பது வியப்பன்று; செடிநூலார் இன்று இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர்.

பொருள் தூய்மையாகக் கிடைத்த பின்னர், இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துக் கொடுத்தல் இயல்வதாயிற்று. செடி மருந்தாக மாறிய முதற்படி இதுவே.

உடலில் அது செய்வது என்ன?

உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் செங்கல் அடுக்குவது போல் அடுக்கப்பெற்று அக்குழல்கள் உண்டாகின்றன. தேவை தீர்ந்ததும் அவை கலைகின்றன. மீண்டும் வேறிடத்தில் எழுகின்றன. உயிரணு பகுப்படைவதற்கும், இடம்விட்டு இடம் நகர்வதற்கும் இக்குழல்கள் இன்றியமையாதவை. கோல்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, அடுக்கும் வேலையை நிறுத்திவிடுகின்றது. சிக்காகோவில் போரிசி, டெய்லர் ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், கோல்ச்சிசின் பற்றும் அப்புரதத்தை அடையாளங் காட்டின.

இனி, மூட்டில் நிகழ்வதைக் காண்போர்க்கு மருந்தின் வேலை விளங்கும். யூரேட்டு ஊசிகளைப் பகையென்று கருதி இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கிய ஊசி உயிரணுவினுள் ஓர் அபாய மணியை அடிக்கின்றது. அம்மணி எது என்பதை 2006இல் சுவிட்சர்லாந்தின் மார்த்தினோன், சோப் ஆகியோரும் உடனுழைத்தோரும் கண்டறிந்தனர். மணி அடித்ததும் இண்டர்லூக்கின் என்னும் தூதுப்பொருள் வெளியேறி, மேலும் பல வெள்ளணுக்களை அழைக்கின்றது. அவை திரண்டு வர வர வீக்கமும் வெம்மையும் வலியும் பெருகுகின்றன. கோல்ச்சிசின் வெள்ளணுக்களின் நகர்ச்சியைத் தளர்த்தி, இந்த அழைப்பையும் அடக்குகின்றது. அழற்சி தணிகின்றது.

ஆயின், ஒன்று குறிப்பிடத்தக்கது. கோல்ச்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. தீயை அவிக்கின்றதே தவிர விறகை அகற்றுவதில்லை. விறகை அகற்றுவதற்கு அல்லோபியூரினால் போன்ற வேறு மருந்துகள் உள்ளன. வலி நின்றதும் நோய் தீர்ந்தது என்று கருதி நீண்டகால மருந்தை விடுவோர்க்குக் கீல்வாதம் மீண்டும் மீண்டும் வருவதும், நாளடைவில் மூட்டுச் சிதைவதும் இதனாலேயே.

உயிரணுப் பகுப்பைத் தடுக்கும் ஆற்றலே இதனை நஞ்சாக்குவதும் ஆகும். குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் இடைவிடாது புதிய உயிரணுக்களை ஆக்குபவை. அளவு மிஞ்சினால் முதலில் அவையே தாக்கப்படும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதல் அடையாளங்கள். பின்னர் இரத்த அணுக்கள் குறைந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும். பொது வழக்கில் உள்ள முறிமருந்து எதுவும் இதற்கு இல்லை.

அளவு காணப்பட்ட வரலாறு

தூய பொருள் கிடைத்தும், சரியான அளவு கிடைக்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மருத்துவர் பலர் மணிக்கொரு முறையோ இருமணிக்கொரு முறையோ மாத்திரை கொடுத்து வந்தனர். வலி நிற்கும் வரை அல்லது வயிற்றுப்போக்குத் தோன்றும் வரை கொடுப்பதே விதி. நச்சுக்குறி தோன்றுவதையே அளவுகோலாகக் கொண்ட விதி அது!

1987இல் ஆஸ்திரேலியாவில் 43 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு பகுதியினர்க்குக் கோல்ச்சிசினும், மறுபகுதியினர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. இரண்டு நாளில் மருந்துண்டவருள் மூன்றில் இரு பங்கினர்க்கும், போலி உண்டவருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் குணம் தெரிந்தது. மருந்து உண்மையாகவே வேலை செய்தது என்பது உறுதியாயிற்று. ஆனால், மருந்துண்ட அனைவர்க்குமே வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தது.

அடுத்த படி 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 184 நோயாளர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். பழைய வழக்கின்படி ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் பெற்றது ஒரு பிரிவு. ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் பெற்றது மற்றொரு பிரிவு. போலி மாத்திரை பெற்றது மூன்றாவது பிரிவு. 24 மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர் மிகு அளவில் நூற்றுக்கு 33 பேர். குறை அளவில் 38 பேர். போலியில் 16 பேர். வயிற்றுப்போக்கு வந்தவரோ மிகு அளவில் நூற்றுக்கு 77 பேர்; குறை அளவில் 23 பேர்; போலியில் 14 பேர். மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுந்த மருந்து, முழு அளவுக்கு இணையான பயனைத் தந்தது. துன்பமோ போலி மாத்திரைக்கு அருகில் நின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் வழங்கிய ஒரு மருந்து இவ்வளவு காலமும் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டு வந்தது என்பதை அந்தக் கணக்கு காட்டிற்று. இன்று மருத்துவர் பின்பற்றுவது குறைந்த அளவையே.

தொன்மை ஒன்றே சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா. அலெக்சாண்டர் கிழங்கைத் தேர்ந்ததில் தவறவில்லை. ஆனால், எவ்வளவு, எவருக்கு, எத்தனை நாள் என்ற மூன்று வினாவிற்கும் விடை கூறியது முன்னோர் மொழியன்று. அளந்தும் ஒப்பிட்டும் பார்த்த ஆய்வே.

பிற செடிகளின் நிலை

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டழற்சிக்குக் கூறப்படும் பிற செடிகளையும் நோக்கலாம்.

வில்லோ மரப்பட்டை இவ்வழியில் முழுத்தொலைவும் வந்தது. அதன் சாரமாகிய சாலிசின் 1828இல் பிரிக்கப்பட்டது. 1876இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்லாகன் அதனை மூட்டுவாதக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பயன் கண்டு எழுதினார். அதன் உறவுப் பொருளைத் திருத்தி 1897இல் பேயர் நிறுவன ஆய்வகத்தில் ஆக்கப்பட்டதே ஆஸ்பிரின்.

சீனர் 'லெய் குங் தெங்' என்று வழங்கும் கொடி பாதித் தொலைவில் நிற்கின்றது. இடித்தேவன் கொடி என்பது அப்பெயரின் பொருள். அதன் சாரத்தை முடக்குவாதத்திற்கு ஆய்ந்து, 207 சீன நோயாளரைப் பற்றிய முடிவு 2014இல் வெளியாயிற்று. அந்நோயின் முதன்மை மருந்தாகிய மெத்தோடிரெக்சேட்டுடன் அதனையும் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 77 பேர்க்கும், மெத்தோடிரெக்சேட்டை மட்டும் கொடுத்தபோது 46 பேர்க்கும், ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் பாதியளவு தணிந்தன. பயன் மெய்யே. ஆனால், மகப்பேற்று ஆற்றலைக் கெடுத்தலும் ஈரலைத் தாக்கலும் அக்கொடியின் குற்றங்கள். அவற்றை விலக்கும் வழி காணும் வரை அது பொதுமருந்தாதல் அரிது.

மஞ்சள் இன்னும் பின்னே நிற்கின்றது. அதன் நிறப்பொருளாகிய குர்க்குமினைப் பிரித்த செய்தி 1815இல், கோல்ச்சிசினுக்கும் முன்னதாகவே, வெளியாயிற்று. பிரித்த இருவருள் ஒருவர் மேலே கூறிய பெல்லத்தியே. சோதனைக் குழாயில் அது அழற்சியை அடக்குகின்றது. ஆனால், உண்ட குர்க்குமினில் மிகச் சிறுபகுதியே குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்கின்றது. முழங்கால் தேய்மான வலிக்கு அது சிறிது பயன் தரலாம் என்று கூறும் ஆய்வுகள் உள. எனினும் அவை சிறியவை. கறியில் இடும் மஞ்சளால் தீங்கில்லை. மூட்டுநோய் மருந்தை நிறுத்திவிட்டு அதனை நம்பியிருத்தல் தீங்கு.

வயலும் வீடும்

தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் இன்று காந்தள் ஒரு பணப்பயிர். கொடி படரக் கம்பிப் பந்தல் இட்டு, கிழங்கை நட்டு வளர்க்கின்றனர். இப்பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடிந்து நிற்பதனால் காய் எளிதில் பிடிப்பதில்லை. ஆதலின், காலை வேளையில் உழவர் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். விதை முற்றியதும் உலர்த்தப்பெற்று, மருந்து நிறுவனங்களுக்காக ஏற்றுமதியாகின்றது. புலவன் பாடியது பூவை. வணிகன் நாடுவது விதையை.

வயலிலிருந்து ஆலைக்குச் சென்று, தூய்மையாக்கி, நிறுத்து, மருத்துவர் கையெழுத்தோடு வரும்போதே அது மருந்து. வேலியிலிருந்து நேரே வீட்டு அடுப்பிற்கு வந்தால் நஞ்சு. இலங்கையில் இதன் கிழங்கை வற்றாளங்கிழங்கு என்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. சித்த மருத்துவரும் இதனை நஞ்சுச் சரக்காகவே கருதி, மோரில் ஊறவைத்து உலர்த்தும் சுத்தி முறையை வகுத்தனர். அம்முறை எச்சரிக்கையின் அடையாளமேயன்றி, எவரும் வீட்டில் செய்து பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டன்று. ஆலையில் ஆன மாத்திரையுங்கூடச் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளை உடனுண்பவர்க்கும் சிறு அளவிலேயே நஞ்சாகக் கூடும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இச்செய்திக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மூட்டுவலிக்கு மூலிகை மருந்து என்று கூறி, உள்ளடக்கம் காட்டாத பொடிகளும் உருண்டைகளும் கைக்குக் கை மாறி விற்பனையாகின்றன. ஒரே நாளில் வலி பறந்தது என்று மகிழ்வோர், பறக்கச் செய்தது மூலிகையா என்று கேட்பதில்லை. அத்தகைய சரக்குகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. மருத்துவர் மேற்பார்வையின்றி அதனை நெடுநாள் உண்டால் முகம் உப்பும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மிகும். எலும்பு நொய்ந்து போகும். திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு இடர். உசோன் விற்ற மறைபொருள் நீருக்கும் இவற்றிற்கும் காலந்தான் வேறு, தன்மை ஒன்றே.

எந்தச் சரக்கு மூலிகை என்று கூறி நீட்டப்பட்டாலும் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. இதனுள் இருக்கும் பொருள் எது? அதன் அளவு ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒன்றுதானா? போலி மாத்திரையோடு ஒப்பிட்டு இதனைச் சோதித்தது உண்டா? யார் உண்ணலாகாது? கோல்ச்சிசின் இந்நான்கிற்கும் விடை தேடிக்கொள்ள ஆறாம் நூற்றாண்டிலிருந்து 2010 வரை காத்திருந்தது. காந்தளைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பூவின் அழகோடு இந்நான்கு வினாவையும் மாணவர்க்குச் சொல்லி அனுப்பினால், அவை மாலையில் வீட்டுப் பெரியவர் செவிக்கும் சென்று சேரும்.